கடைசி நாட்களின் வலியும் நம் நாட்டுச் சட்டமும்

"டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. ஊரிலிருந்து வரும் போனில் இந்த ஒரு வரி காதில் விழுந்தால் போதும். அடுத்த ரயிலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம். மும்பையில் வாழும் நமக்கு இதன் மறுபக்கமும் தெரியும். பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியை நம்பி நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் உறவினர்கள், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். 'இனி மருந்தால் குணமாக்க முடியாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்' என்ற சொல்லை அவர்களோடு சேர்ந்து நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன? நோயாளி அன்றே இறந்துவிடுவதில்லை. வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். வலி, மூச்சுத் திணறல், படுக்கைப் புண், தூக்கமின்மை, பயம் எல்லாம் அந்த நாட்களில் உண்டு. இவற்றைக் கவனிப்பதற்கென்றே மருத்துவத்தில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. ஆங்கிலப் பெயர் பாலியேட்டிவ் கேர். தமிழக அரசு 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது வீடு தேடிச் செல்லும் சேவைகளில் இதையும் சேர்த்தது. 'நோய் ஆதரவு' என்ற பெயர் அங்கே வழங்குகிறது. நல்ல பெயராக இருப்பதால் நானும் ஆதரவுச் சிகிச்சை என்றே எழுதுகிறேன். இத்தகைய நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர்.

இந்தச் சிகிச்சையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது வக்கீல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் போலீஸ் வருமா, வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் கொலைக்குற்றம் ஆகுமா, மகன் துபாயிலும் மகள் சென்னையிலும் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் கடைசியில் சட்டத்திடம்தான் போய் நிற்கின்றன.

முதலில் இந்தச் சிகிச்சை பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1967-இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி. நம் நாட்டில் முதல் ஹாஸ்பிஸ் வந்த இடம் வேறெங்கும் இல்லை, இந்த மும்பையில்தான். பாந்திராவில் டாக்டர் லூயிஸ் ஜோஸ் டிசௌஸா 1986-இல் தொடங்கிய சாந்தி அவேதனா சதன் இன்றும் புற்றுநோய் முற்றியவர்களைக் கட்டணமின்றிப் பராமரித்து வருகிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வேறொரு வழியைக் காட்டினார்கள். நோயாளியைக் கட்டடத்துக்கு அழைப்பதற்குப் பதிலாகத் தொண்டர்களை நோயாளியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். டில்லியில் கேன்சப்போர்ட், பெங்களூரில் கருணாஸ்ரயா என்று பிறகு பல அமைப்புகள் வந்தன.

உலக சுகாதார நிறுவனம் 1990-இல் இதற்குக் கொடுத்த விளக்கம், குணப்படுத்தும் சிகிச்சைக்கு இனி இணங்காத நோயாளிக்குச் செய்யும் முழுமையான பராமரிப்பு என்பது. 2002-இல் அதை மாற்றிக்கொண்டார்கள். உயிருக்கு ஆபத்தான நோயை எதிர்கொள்ளும் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும், துன்பத்தை முன்கூட்டியே கண்டறிந்து தணித்து, வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் முறை என்றார்கள். கடைசிக் கட்டம் வரை காத்திருக்காமல், நோய் தெரிந்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு கூடவே இதையும் தொடங்கலாம் என்பதுதான் மாற்றத்தின் சாரம். நம் ஆட்கள் பலர் இன்னும் 1990-ஆம் ஆண்டு விளக்கத்திலேயே இருக்கிறார்கள். 'அங்கே சேர்த்துவிட்டார்களா, அப்படியானால் முடிந்தது' என்று பேசுவது அதனால்தான்.

அமெரிக்காவின் ஆறு மாதக் கணக்கு

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் ஒரு குழப்பம் வருவதுண்டு. 'அப்பாவை ஹாஸ்பிஸில் போடலாமே' என்று மகன் போனில் சொல்வான். இங்கே கேட்பவர்களுக்கு அது முதியோர் இல்லத்தில் தள்ளுவதுபோல் ஒலிக்கும். அவன் சொல்வது வேறு. அங்கே ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் ஒரு கட்டடம் அல்ல. வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளியை நர்ஸும் டாக்டரும் வந்து பார்க்கும், சட்டப்படி வகுக்கப்பட்ட ஒரு சலுகை.

முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் 1982-இல் கொண்டுவந்த திருத்தத்தால் அது பிறந்தது. நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோதான் ஆயுள் என்று நோயாளியைப் பார்க்கும் டாக்டரும் ஹாஸ்பிஸின் டாக்டரும் சான்று கொடுக்க வேண்டும். நோயாளி தானே அதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட வேண்டும். இட்டால், அந்த நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. ஆதரவுச் சிகிச்சை என்றால் என்ன என்பதை அங்கத்திய விதிகள் வாக்கியமாகவே எழுதி வைத்திருக்கின்றன. நோயாளியையும் குடும்பத்தையும் மையமாகக் கொண்டு, உடல், அறிவு, உணர்ச்சி, சமூகம், ஆன்மிகம் ஆகிய தேவைகளைக் கவனித்து, துன்பத்தை முன்னறிந்து தடுத்துத் தணிப்பது என்பது அதன் பொருள்.

தெளிவான விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு ஆறு மாதம், யாருக்கு எட்டு மாதம் என்று எந்த டாக்டரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? குணமாவதற்கு ஒரு கதவு, நிம்மதிக்கு ஒரு கதவு, ஏதாவது ஒன்றில்தான் நுழையலாம் என்பது எனக்கு அத்தனை உவப்பாக இல்லை.

நம் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு மத்தியச் சட்டம் இல்லை. இருப்பதெல்லாம் கொள்கையும் திட்டமும்தான். கேரளம் 2008-இல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு கொள்கையை வகுத்து, அந்தப் பொறுப்பைப் பஞ்சாயத்துகள் வரை கொண்டுபோனது. மத்திய அரசு 2012-இல் ஒரு தேசியத் திட்டம் தீட்டியது. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் ஆரம்ப சுகாதார சேவையில் இதைச் சேர்த்துப் பேசுகிறது. கொள்கை நல்லதுதான். ஆனால் கொள்கையைக் காட்டி ஆஸ்பத்திரியிடம் 'எனக்கு இது உரிமை' என்று வாதாடுவது கடினம்.

ஹாஸ்பிஸ் கட்டடத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 2010-ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிலையங்கள் சட்டத்தில் ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி, நர்ஸிங் ஹோம், கிளினிக் என்று பட்டியல் நீள்கிறது. ஹாஸ்பிஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையாது. 'எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்' சிகிச்சையோ பராமரிப்போ தரும் நிறுவனம் என்ற பொதுச் சொற்றொடரில்தான் அது அடங்குகிறது. அந்தச் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டின் நர்ஸிங் ஹோம் பதிவுச் சட்டமும், தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் நடக்கின்றன.

ஆகவே, நம் நாட்டில் ஆதரவுச் சிகிச்சையின் எல்லைக்கோட்டை உண்மையில் வரைந்திருப்பவை இரண்டு. ஒன்று போதைமருந்துச் சட்டம், மற்றது உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள். முன்னது எவ்வளவு வலியைத் தணிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. பின்னது எப்போது நிறுத்தலாம் என்பதைத் தீர்மானித்தது.

மார்ஃபின் மாத்திரையின் கதை

புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் கடும் வலிக்கு வாய்வழி கொடுக்கும் மார்ஃபின் மாத்திரைதான் டாக்டர்களின் முதல் நம்பிக்கை. விலை அதிகமில்லை. அபினியிலிருந்து எடுப்பது. அந்த அபினிச் செடியை அரசு உரிமத்தோடு பயிரிடும் மிகச் சில நாடுகளில் நம் நாடும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயல்கள். நீமச்சிலும் காஸிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலைகள். இங்கிருந்து அபினி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தபோது, இங்கே நோயாளிகள் ஒரு மாத்திரை கிடைக்காமல் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துகள் சட்டம். கடத்தல்காரர்களை ஒடுக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் குறைந்தபட்சமே பத்து ஆண்டுச் சிறை என்ற கடுமையும், மாநிலத்துக்கு மாநிலம் மாறிய விதிகளும் சேர்ந்து ஆஸ்பத்திரிகளை மிரட்டிவிட்டன. ஒரு சரக்கு மார்ஃபின் வாங்க நாலைந்து லைசென்ஸ்கள், அவையும் வெவ்வேறு இலாகாக்களிடமிருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்துக்கடைக்காரர்கள் 'எதற்கு வம்பு' என்று இருப்பு வைப்பதையே விட்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தே பழகாத டாக்டர்களின் ஒரு தலைமுறை உருவாயிற்று. இதுதான் பெரிய நஷ்டம். சட்டத்தை ஒரு நாளில் திருத்தலாம். மறந்துபோன வைத்தியத்தை அப்படி மீட்க முடியாது.

கோழிக்கோட்டுக்காரர்களும் மற்ற ஆதரவுச் சிகிச்சை டாக்டர்களும் ஆண்டுக்கணக்கில் டில்லிக்கு நடையாய் நடந்தார்கள். உச்சநீதிமன்றத்தில் 2007-இல் பொதுநல வழக்கும் போடப்பட்டது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 'அத்தியாவசிய போதைமருந்துகள்' என்று ஒரு புதிய வகை உண்டாயிற்று. 2015 மே மாதத்தில் மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் அதில் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கு நாடு முழுதும் ஒரே விதி. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்று, பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியும் ஹாஸ்பிஸும் இவற்றை வாங்கிக் கொடுக்கலாம். பழைய லைசென்ஸ் மாலை ஒழிந்தது.

ஊர் விட்டு ஊர் வாழும் நமக்கு இந்த ஒரே விதி என்பது முக்கியம். மும்பையில் சிகிச்சை முடிந்து நோயாளியைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போகும் குடும்பம், கிளம்புவதற்கு முன்பே இங்குள்ள டாக்டரிடம் இரண்டு காரியங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரைக்கான மருந்துச் சீட்டும் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விவரமும் தெளிவாக எழுதி, முத்திரையோடு, பயணத்தில் கையிலேயே இருக்கட்டும். ஊருக்கு அருகே மார்ஃபின் கொடுக்க அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி எது என்பதையும் கேட்டுவிடுங்கள். மாத்திரை தீர்ந்த இரவில் ஊரில் கடை கடையாக அலைவதைப் போன்ற கொடுமை வேறில்லை. நோயாளி காலமான பிறகு மீதியாகும் மாத்திரைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், வாங்கிய இடத்திலேயே கணக்கோடு ஒப்படைத்துவிடுவது நல்லது.

'பழக்கமாகிவிடுமே' என்று பயப்படும் மாமிகளுக்கும் பெரியப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள்.

நிறுத்துவது எப்போது?

நீதிமன்றத்தின் பாதை பரேலிலிருந்தே தொடங்குகிறது. டாடா மெமோரியலுக்கு அருகிலேயே உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். பிறகு அவர் எழவே இல்லை. அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை உச்சநீதிமன்றம் 2011 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அத்தனை ஆண்டுகளாக அவரைத் தங்கள் வீட்டுப் பெண்போல் பார்த்துக்கொண்ட கே.இ.எம். நர்ஸுகள் அதை விரும்பவில்லை. 2015 மே மாதம் அருணா இயற்கையாக மறைந்தார். ஆனால் அந்தத் தீர்ப்பு, மீளவே முடியாத நோயாளியின் உயிர்காப்புக் கருவிகளை உயர்நீதிமன்ற அனுமதியோடு விலக்கலாம் என்ற வாசலைத் திறந்துவைத்தது.

2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இன்னும் தெளிவாகப் பேசியது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். குணமாகும் வழியே இல்லாதவருக்கு வென்டிலேட்டர் போன்றவற்றைத் தொடங்காமலிருப்பதோ, விலக்கிக்கொள்வதோ, விதித்த முறைப்படி நடந்தால் குற்றமல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஹாஸ்பிஸையே 'கருணைக்கொலைக் கூடம்' என்று சிலர் நினைக்கிறார்கள். ஹாஸ்பிஸில் சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, இழுத்துப் பிடிப்பதும் இல்லை.

2018-இல் வகுத்த முறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. இப்போதைய நடைமுறைப்படி, ஆஸ்பத்திரி முதலில் ஒரு குழு அமைக்கும். அதில் நோயாளியைப் பார்க்கும் டாக்டரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். அவர்கள் சம்மதித்தால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டர் கட்டாயம். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழுவும் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். பிறகு முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செயல்படலாம். குழுக்கள் மறுத்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம்.

காகிதத்தில் ஒழுங்காக இருக்கிறது. நடப்பில் பல ஆஸ்பத்திரிகளுக்கு இந்தக் குழுக்களை அமைக்கத் தெம்பில்லை. கருவியை விலக்க டாக்டர் பயப்படுவார். பில் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குடும்பமே 'டாக்டர் சொல்லுக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நோயாளியை வெளியே கொண்டுவந்துவிடும். டாமா டிஸ்சார்ஜ் என்று வார்டில் சொல்வது இதைத்தான். அப்படி வெளியே வருகிறவருக்கு மார்ஃபினும் இல்லை, வீட்டுக்கு வரும் நர்ஸும் இல்லை. சட்டம் காப்பாற்றத் தவறுகிற இடம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன். ஆஸ்பத்திரியை மனதில் வைத்து எழுதிய நடைமுறை, ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. கையெழுத்திடும் முன் 'உங்களிடம் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்' என்று கேட்பதற்கு எந்தக் குடும்பமும் தயங்க வேண்டியதில்லை.

இன்றே எழுதி வைக்கக்கூடிய தாள்

மேலே சொன்ன தீர்ப்புகள் தந்த இன்னொரு வசதி, நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் மருத்துவ உயில். லிவிங் வில் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சொத்து உயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் வரும் முன்கூட்டிய அறிவுறுத்தலும் இதுவல்ல. அது மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும்.

பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனத்தோடு இருக்கும் எவரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைக் குழப்பமின்றி எழுத வேண்டும். முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் தமக்காகச் சம்மதம் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவினரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். 2023-க்குப் பிறகு ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள், குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருந்தால் நல்லது. முன்பு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டியிருந்தது. இப்போது நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லே முடிவு, தாள் அல்ல.

பெயர் குறிப்பிடும் இடத்தில்தான் நம் குடும்பங்கள் யோசிக்க வேண்டும். அப்பா அம்மா டோம்பிவிலியில், மூத்தவன் சென்னையில், இளையவள் சிங்கப்பூரில் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் என்ற முறைக்காக அவன் பெயரை மட்டும் எழுதினால், ஐ.சி.யு. வாசலில் நிற்கப்போவது யார்? பக்கத்துத் தெருவில் இருக்கும் மருமகனோ, தம்பி மகளோ வந்து நிற்கக்கூடியவர் என்றால் அவர் பெயரும் இருக்கட்டும். பெயர் எழுதுமுன் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 'அண்ணன்தான் அப்பாவைக் கொன்றான்' என்ற பழி பிறகு யாரையும் சுடாமலிருக்க, உயிரோடு இருக்கும்போது அப்பா தம் வாயாலேயே சொல்லிவிடுவது மேல். எது வேண்டாம் என்பதோடு எது வேண்டும் என்பதையும் எழுதலாம். வலி தெரியாமல் வைத்திருக்க மார்ஃபின் கொடுக்கவும், முடிந்தால் வீட்டிலோ ஹாஸ்பிஸிலோ வைத்துப் பார்க்கவும் என்று இரண்டு வரி சேர்த்தால் தடுப்பவர் யாரும் இல்லை.

எழுதிய தாளின் பிரதிகளைப் பெயர் குறிப்பிட்டவரிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி உள்ளாட்சி நியமித்த காப்பாளரிடம் போக வேண்டும் என்பது தீர்ப்பு. மகாராஷ்டிரத்தில் ஒரு மும்பை டாக்டர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகு 2024-இல் இத்தகைய காப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. உங்கள் வட்டத்துக்குக் காப்பாளர் யார் என்பதை நகராட்சி சுகாதார அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாளைத் தமிழில் எழுத மனம் விரும்பும். எழுதலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யு.வில் அதைப் படிக்கப்போகிறவர் தமிழ் தெரியாத டாக்டராக இருக்கக்கூடும் என்பதால், நோட்டரி முன் கையெழுத்திடும் பிரதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்ப் பிரதியை அதோடு இணைத்து, பீரோ லாக்கரில் பூட்டாமல், ரேஷன் கார்டும் மருந்துச் சீட்டுகளும் இருக்கும் பையிலேயே வையுங்கள்.